அளக்காத எண்

நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், செய்முறைப் பகுதியில், ‘சதுர சென்டிமீட்டருக்கு 2 ஜூல்’ என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை நான் அளக்கவில்லை. தொடக்கத்தில் அளந்தேன்; பிறகு அளக்காமலே அளந்ததாக எழுதிக்கொண்டு போனேன். அது தவறு என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை. அந்த எண்ணை நம்பி இன்னொருவர் தன் ஆய்வுக் காலத்தில் பெரும்பகுதியைத் தொலைத்தபோது, பக்கத்து மேசையில் இருந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்தேன்.

சொல்ல வேண்டியவர்களிடம் இதைச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, இப்போது அதே மாதிரிக் கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக. இது எப்படி நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை என்று சொல்லித் தப்பிக்க நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்துதான் நடந்தது.

என் வேலை மெல்லிய படலங்கள் செய்வது. நுட்பத்தின் பெயர் பல்ஸ்டு லேசர் டெபாசிஷன், ஆய்வகங்களில் பி.எல்.டி. என்போம். காற்றை உறிஞ்சி எடுத்த எஃகு சேம்பர் ஒன்றுக்குள் ஒரு பீங்கான் வில்லை சுழன்றுகொண்டிருக்கும். அதுதான் டார்கெட். அதற்கு நேர் எதிரே, ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, 750 டிகிரிக்கு மேல் சூடேறிய ஹீட்டரில் சில்வர் பேஸ்டால் ஒட்டிய சிறு படிகச் சில்லு. அது சப்ஸ்ட்ரேட். வெளியிலிருந்து லேசர் ஒளி ஒரு லென்ஸ் வழியே குவிந்து, குவார்ட்ஸ் ஜன்னலைக் கடந்து, டார்கெட்டின் மேல் சாய்வாக விழும். ஒவ்வொரு துடிப்பும் சுமார் 20, 30 நானோநொடிதான் நீடிக்கும். அதற்குள் டார்கெட்டின் மேல்தோல் உருகி ஆவியாகி, ஆவியும் மின்னேற்றம் பெற்றுப் பிளாஸ்மாவாகிப் பீய்ச்சியடிக்கும். அதை ப்ளூம் என்போம். பக்கவாட்டில் படுக்க வைத்த அகல்விளக்குச் சுடர் மாதிரி இருக்கும். நடுவில் வெண்ணீலம், ஓரத்தில் செம்மை. அந்தச் சுடரின் நுனி எதிரே இருக்கும் சில்லைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒரு துடிப்புக்கு ஓர் அணு அடுக்குகூட முழுதாகப் படியாது. ஆயிரக்கணக்கான துடிப்புகள் சேர்ந்துதான் 200 நானோமீட்டர் படலம் உருவாகும்.

இந்த நுட்பத்தை நான் இன்றும் மனதார நேசிக்கிறேன். ரூபி லேசரால் படலம் செய்ய முடியும் என்று ஸ்மித்தும் டர்னரும் 1965-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் இருபது ஆண்டுக்கும் மேலாக யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1987-ல்தான் அதற்கு நேரம் வந்தது. இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான் ஒன்று 90 கெல்வினுக்கு மேலேயே மின்தடையை முற்றிலும் இழந்து மீக்கடத்தியாகிறது என்று அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வூவும் பால் சூவும் அவர்கள் குழுக்களும் அறிவித்தார்கள். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும். உலகமே அதன் பின்னால் ஓடியது. ஆனால் நான்கு தனிமங்களை மிகச் சரியான விகிதத்தில் படலமாக்குவது எப்படி? ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆவியாக்கினால் விகிதம் கைக்குள் நிற்காது. இந்தியாவில் படித்து அமெரிக்கா சென்று, நியூஜெர்சியில் பெல்கோர் நிறுவனத்தில் இருந்த டி. வெங்கடேசனும் அவர் சகாக்களும் எக்ஸைமர் லேசரைக் கொண்டு அந்தப் பீங்கானை அடித்துப் பார்த்தார்கள். டார்கெட்டில் இருந்த விகிதம் அப்படியே படலத்துக்கு வந்தது. லேசர் அவ்வளவு வேகமாகத் தாக்குவதால், எது முதலில் ஆவியாவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடுகின்றன.

ஒன்றாகக் கிளம்பும், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. லேசர் விழும் இடத்தில் பரப்புக்கு இவ்வளவு ஆற்றல் என்று ஒரு குறைந்தபட்சம் வேண்டும். பரப்புக்கு இவ்வளவு என்ற அந்த ஆற்றலைத்தான் ஃப்ளூயன்ஸ் என்கிறோம். அது மிகக் குறைந்தால் விகிதம் கெடும். அதிகமானால் டார்கெட்டிலிருந்து உருகிய துளிகள் தெறித்து வந்து படலத்தின் மேல் மைக்ரான் அளவில் உருண்டைகளாக உட்காரும். வெங்கடேசன் குழுவே 1988-ல் இன்னொன்றையும் காட்டியது: ப்ளூமில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. நேராக முன்னால் பாயும் பகுதிதான் சரியான விகிதத்தைக் கொண்டுவருகிறது. பரவலாக எல்லாப் பக்கமும் செல்வது சாதாரண ஆவி. அதில் விகிதம் சரியாக இருக்காது. ஆக, பி.எல்.டி.யில் ஒரு படலத்தின் தலையெழுத்து ஃப்ளூயன்ஸில் இருக்கிறது. சூடு, ஆக்சிஜன் அழுத்தம், பிறகு ஆக்சிஜனை நிரப்பிக் குளிரவைக்கும் விதம் எல்லாம் முக்கியம்தான். ஆனால் மூன்றுக்கும் கருவியிலேயே மீட்டர் இருக்கிறது. ஃப்ளூயன்ஸுக்கு இல்லை. அதை மனிதன் அளக்க வேண்டும்.

லேசர் பெட்டியின் முகப்பில் ஒரு திரையில் மில்லிஜூல் கணக்கு ஓடும். பலரும் அதைத்தான் பார்ப்பார்கள். அது பெட்டியை விட்டு வெளியேறும் ஆற்றல். டார்கெட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் துளைத்தகடு ஒரு பகுதியைத் தடுக்கும், கண்ணாடிகளும் லென்ஸும் கொஞ்சம் தின்னும், கடைசியில் சேம்பரின் குவார்ட்ஸ் ஜன்னல். சுத்தமான ஜன்னலே இரு முகங்களிலும் எதிரொளித்து 8 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். ஜன்னல் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ப்ளூம் படலத்தை மட்டும் பூசுவதில்லை. சேம்பரின் உள்சுவர், ஹீட்டர் கம்பி, ஜன்னலின் உள்முகம் என்று எல்லாவற்றின் மேலும் மெல்லப் படியும். நாளாக நாளாக ஜன்னல் பழுப்பேறும். பெட்டி அதே 300 மில்லிஜூலைக் காட்டிக்கொண்டிருக்கும். டார்கெட்டுக்குக் கிடைப்பது இறங்கிக்கொண்டே வரும்.

சரியான முறை எளிது. சேம்பரைத் திறக்கும்போதெல்லாம் எனர்ஜி மீட்டரின் தலையை ஜன்னலுக்கு உட்பக்கம் வைத்து அளக்க வேண்டும். டார்கெட் இருக்கும் இடத்தில் வெப்பக் காகிதம் ஒன்றை வைத்து ஒரு துடிப்பு அடித்து, எரிந்த தடத்தின் பரப்பை அளக்க வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஃப்ளூயன்ஸ். 50 மில்லிஜூல், 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 2 ஜூல். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணியை நான் செலவிடவில்லை. கருவியை எனக்குக் கொடுத்த புதிதில் செய்தேன். சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தார். 2 ஜூல் வந்தது. லேப் நோட்டில் எழுதினேன். அடுத்த ஓட்டத்துக்கும் 2 என்று எழுதினேன். அதற்கடுத்ததற்கும். ஜன்னலைக் கழற்றித் துடைத்தால் வேக்யூம் மறுபடி சரியாக ஓர் இரவு ஆகும். எக்ஸைமர் லேசருக்கு வேண்டிய ஃப்ளூரின், கிரிப்டான் வாயுக்கள் விலை உயர்ந்தவை. நிரப்பிய வாயு கெடுவதற்குள் எத்தனை படலம் செய்ய முடியுமோ அத்தனை செய்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் இருந்தது. இவை உண்மை. ஆனால் நான் அளக்காததற்குக் காரணம் இவை அல்ல. எண் மாறியிருந்தால் அதற்கு முன் செய்த படலங்களை என்னவென்று சொல்வது என்ற பயம். அளக்காத வரைக்கும் அது 2-ஆகவே இருந்தது.

நானும் அந்த இட்ரியம், பேரியம், செம்புப் பீங்கானைத்தான் படலமாக்கினேன். முதல் தொகுதியில் வந்த படலங்கள் சுமார் ரகம். மின்தடை 88, 89 கெல்வினில் பூஜ்யமாகும். ஆனால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மேற்பரப்பெங்கும் துளிகள். போகப்போகப் படலங்கள் அழகாயின. மேற்பரப்பு வழவழப்பானது. துளிகள் அருகின. வெப்பநிலைக்கு எதிராக மின்தடையை வரைந்தால், 90 கெல்வின் அருகில் கோடு செங்குத்தாக விழுந்தது. என் வழிகாட்டி அந்த வரைபடத்தைப் பார்த்து, “இப்பதாம்ப்பா கை பழகியிருக்கு உனக்கு” என்றார். நானும் அப்படியே நம்பினேன். டார்கெட்டை எமரி ஷீட்டில் தேய்க்கும் பக்குவம் வந்துவிட்டது, சில்வர் பேஸ்ட்டைச் சீராகத் தடவ வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். அந்தப் படலங்களை வைத்துத்தான் கட்டுரை எழுதினோம். ஃப்ளூயன்ஸ் என்ற இடத்தில் நோட்டைப் பார்த்து 2 என்று போட்டேன்.

அப்போதே என் கையில் இன்னொரு ஆதாரம் இருந்தது. சில்லின் ஓரத்தை மறைத்து ஒரு படி விட்டு, அதன் உயரத்தைப் ப்ரொஃபைலோமீட்டர் ஊசியால் தடவித் தடிமனை அளப்போம்; இரண்டாவது தொகுதியிலிருந்து அப்படி அளந்திருந்தேன். துடிப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதான்; தடிமன் குறைந்துகொண்டே வந்திருந்தது. கடைசியில் செய்தவை முதலில் அளந்தவற்றைவிடத் தெளிவாகவே மெலிந்திருந்தன. ஒரு துடிப்புக்கு வரும் சரக்கு குறைகிறது என்றால் லேசர் குறைவாக வந்து சேருகிறது என்றுதான் பொருள். முதலாண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். நான் எல்லாத் தடிமன்களுக்கும் சராசரி எடுத்தேன். வித்தியாசத்துக்குக் கூட்டல் கழித்தல் குறி போட்டு, அளவீட்டுப் பிழை என்று எழுதினேன். எழுதும்போது கை தயங்கியது நன்றாக நினைவிருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் ஒரே திசையில் இறங்கும் எண்களுக்குப் பிழை என்று பெயர் வைக்கக் கூடாது. பிழை மேலும் கீழுமாகச் சிதறும். ஒரே பக்கமாக நடக்காது.

கண்ணும் சொல்லிக்கொண்டிருந்தது. பார்வை ஜன்னல் வழியே ப்ளூமைத் தினமும் பார்க்கிறவன் நான். அதன் நுனி சில்லை எட்டாமல் குட்டையாக நிற்பதைக் கண்டேன். ஆக்சிஜன் அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுத்தமானி 200 மில்லிடாரில் அசையாமல் நின்றது.

கட்டுரை அச்சானது. அதன் பிறகு ஒரு நாள் ஹீட்டர் கெட்டு, சேம்பரை முழுதாகத் திறக்க வேண்டியிருந்தது. ஜன்னலைக் கழற்றிக் கையில் எடுத்தேன். நடுவில், லேசர் கடக்கும் இடத்தைச் சுற்றி, தேநீர் நிறத்தில் ஒரு படலம். ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஏன் அப்போது மீட்டரை எடுத்தேன் என்று தெரியவில்லை, எடுத்தேன். அழுக்கு ஜன்னல் வழியே ஒருமுறை அளந்தேன். நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி அளந்தேன். இரண்டுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். கட்டுரையில் இருந்த படலங்கள் 2 ஜூலில் வளர்ந்தவை அல்ல, 1.3-ஐ ஒட்டி வளர்ந்தவை. துளிகள் குறைந்ததற்குக் காரணம் என் கைப்பழக்கம் அல்ல. ஜன்னல் அழுக்கேறி லேசரின் வீரியத்தைத் தணித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பாகவே எழுதியிருக்கலாம். ஃப்ளூயன்ஸைக் குறைத்தால் மேற்பரப்பு மேம்படுகிறது என்று ஒரு நல்ல குறிப்பு. வெட்கப்பட ஒன்றுமில்லை; ஆய்வு அப்படித்தான் நடக்கும். நான் ஜன்னலைப் பொருத்தினேன். இரண்டு அளவுகளையும் நோட்டில் எழுதவில்லை. ஜன்னல் துடைத்தேன் என்றுகூட எழுதவில்லை. அது வரைக்கும் என்னிடம் இருந்தது சோம்பல் என்றோ பயம் என்றோ சொல்லலாம். அந்த மாலையில் நான் செய்தது மறைத்தல்.

அடுத்த ஆண்டு ஒரு மாணவி சேர்ந்தார். என் படலத்தின் மேல் மிக மெல்லிய மாங்கனைட் காந்த அடுக்கு ஒன்றை வளர்ப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மீக்கடத்தியும் காந்தமும் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அடிப்படலம் வழவழப்பாக இருந்தாக வேண்டும். ஒரு மைக்ரான் துளி நடுவில் உட்கார்ந்தால் சில நானோமீட்டர் அடுக்கு அதை மூடாது. மேலேயும் கீழேயும் ஷார்ட் ஆகிவிடும். என் கட்டுரையை அச்செடுத்து, அடிக்கோடிட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

அவர் அரை மணி நேர வேலையை ஒருநாளும் தவிர்க்கவில்லை. சேம்பர் திறந்த ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்தார், வெப்பக் காகிதம் வைத்தார், தடத்தைக் கிராஃப் தாளில் பதித்து ஒட்டினார். ஜன்னலைத் துடைத்தார். உண்மையான 2 ஜூலை டார்கெட்டில் கொண்டுவந்தார். படலம் முழுக்கத் துளிகள்.

“அண்ணா, நீங்க போட்ட அதே கண்டிஷன்தான் வச்சேன். திரும்பத் திரும்ப இப்படித்தான் வருது. எங்க தப்பு பண்றேன்னு தெரியல.”

“டார்கெட்ட இன்னும் நல்லா பாலிஷ் பண்ணிப் பாரும்மா” என்றேன்.

பண்ணினார். புதிதாக ஒரு டார்கெட்டே செய்தார். இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் எடை போட்டு, அகேட் உரலில் மணிக்கணக்காக அரைத்து, உலையில் வைத்து, எடுத்து மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட்டு. அதிலும் துளிகள்தான். ஹீட்டர் சூட்டை மாற்றிப் பார் என்றேன். மாற்றினார். சப்ஸ்ட்ரேட் பெட்டியை மாற்றிப் பார் என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமான யோசனைதான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் என்னால் அவற்றைச் சொல்ல முடிந்தது. ஒன்றை மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

வாராந்திரக் கூட்டத்தில் வழிகாட்டி அவரைக் கேட்டார்: “அவனுக்கு வந்தது உனக்கு ஏன் வரல?” அவர் தலை குனிந்து நின்றார். நான் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியம் போதும்: சார், என் எண் தப்பு. அவர் மேல் விழுந்த பழி அங்கேயே நீங்கியிருக்கும். நான் குனிந்து நோட்டில் எதையோ எழுதினேன்.

கடைசியில் அவருக்கு வேறு தலைப்பு கொடுத்தார்கள். லேசரே வேண்டாத ஒரு வேலை. உதவித்தொகைக் காலத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டிருந்தது. லேசர் அறையிலிருந்து தன் நோட்டுகளை எடுத்துப் போகும்போது, “உங்க கை எனக்கு வராதுண்ணா” என்றார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டேன்.

இது ஒருமுறை நேர்ந்த தடுமாற்றம் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். அது உண்மை இல்லை. முனைவர் பட்டம் முடித்து வேறோர் ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே படலம் இல்லை, நானோ துகள்கள். திரவத்துக்குள் இருக்கும் திடப்பொருளை லேசரால் அடிக்கும் வேலை. 1987-ல் புனே பல்கலைக்கழகத்தில் பாட்டீல், ஓகலே முதலானோர் தண்ணீருக்குள் இரும்பை ரூபி லேசரால் அடித்து வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. பீக்கரின் அடியில் ஒரு தங்கத் தகடு, மேலே சில மில்லிமீட்டர் தண்ணீர், அவ்வளவே. ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டக்’ என்று சத்தம் வரும். தகட்டின் மேல் ஒரு நீராவிக் குமிழி விரிந்து உடைகிற சத்தம். அந்தக் குமிழிக்குள்தான் துகள்கள் உருவாகி வளர்கின்றன. தகட்டிலிருந்து இளஞ்சிவப்பாக இழை இழையாகக் கிளம்பி, சில நிமிடத்தில் தண்ணீர் முழுதும் திராட்சைச் சாற்றின் சிவப்பாகிவிடும். தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அருகில் பச்சை ஒளியை விழுங்குவதால் வரும் நிறம். வேதிமுறையில் செய்தால் சிட்ரேட் போன்ற ஏதாவது ஒன்று துகளின் மேல் ஒட்டியிருக்கும். இதில் தங்கமும் தண்ணீரும் தவிர எதுவும் இல்லை. மருத்துவத்துக்கும் வினையூக்கத்துக்கும் இந்தச் சுத்தம்தான் வேண்டும்.

துகள்களின் அளவை ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு துளிக் கரைசலைச் செம்பு வலையில் விட்டு உலர்த்துவோம். வலையில் ஆயிரம் இடம் இருக்கும். எந்த இடத்தில் நிறுத்திப் படமெடுப்பது என்பது கருவியில் உட்கார்ந்திருப்பவர் கையில். சிறிய உருண்டைகள் சீராகப் பரவிய இடங்களாகப் பார்த்து நிறுத்தினேன். பெரிய உருண்டை ஒன்று தென்பட்டால் வலையை நகர்த்தினேன். சராசரி 10 நானோமீட்டர் என்று வந்தது, அழகான வரைபடம். விட்டுவிட்ட பெரியவை எண்ணிக்கையில் சொற்பம் என்பது என் சமாதானம். ஆனால் கன அளவு விட்டத்தின் முப்படியில் ஏறும். 50 நானோமீட்டர் துகள் ஒன்றில் இருக்கும் தங்கம், 10 நானோமீட்டர் துகள்கள் 125-ல் இருக்கும் தங்கத்துக்குச் சமம். நூற்றுக்கு ஒரு பெரிய துகளை மறைத்தால்கூட, கரைசலில் உள்ள தங்கத்தில் பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன்.

அந்தப் படங்கள் கட்டுரையாகவில்லை. வரைவைப் படித்த சக ஆய்வாளர் ஒருவர், எடுத்த எல்லாப் படங்களையும் காட்டச் சொன்னார். என்னிடம் அழகான படங்கள் மட்டுமே இருந்தன. நகர்த்திவிட்ட இடங்களைப் படமெடுத்திருந்தால்தானே காட்டுவதற்கு? அவர் கோபப்படவில்லை. புதிய வலை ஒன்றை எடுத்து, முன்கூட்டியே கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம் என்று எது வந்தாலும் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். சராசரி கொஞ்சம்தான் மாறியது. பரவல் முழுக்க மாறிவிட்டது. அதைத்தான் வெளியிட்டோம். அன்று இரவு பழைய ஆய்வகத்து ஜன்னலை நினைத்துத் தூங்கவில்லை. இரண்டு இடத்திலும் நான் செய்தது ஒன்றே. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு, பார்த்தவரைக்கும் உண்மை சொன்னேன்.

அப்போதும் உடனே சொல்லிவிடவில்லை. வேலை நிரந்தரமாகட்டும் என்று தள்ளினேன். ஆனது. இப்போது நானும் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். என் மாணவன் ஒருவன் நோட்டில், தேதி மட்டும் மாறி, ஒரே எண் பக்கம் பக்கமாக இறங்கியிருந்தது. “ஒவ்வொரு தடவையும் அளந்தியாப்பா?” என்று கேட்டேன். முகம் வெளிறி, “இல்ல சார், ஃபர்ஸ்ட் டைம் அளந்தேன்” என்றான். கேட்ட உடனே சொல்லிவிட்டான். அவனைத் திட்டுவதற்கான தகுதி எனக்கு இல்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும். அந்த வாரம் பழைய வழிகாட்டிக்குக் கடிதம் எழுதினேன். பிறகு அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் இப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன்: ஜன்னல், இரண்டு அளவுகள், எழுதாமல் விட்டது, கூட்டத்தில் பேசாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் வச்ச ரெண்டு கரெக்டா?” என்று கேட்டார். கரெக்ட் என்றேன். “ரெண்டு வருஷம் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்” என்றார். குரல் உடைந்தது. கோபமாகவும் சில வார்த்தைகள் சொன்னார். அவை எனக்குச் சேர வேண்டியவை. இங்கே எழுதுவதற்கு அல்ல. வைத்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. முகமன் எதுவும் இல்லை. அவருடைய பழைய லேப் நோட்டின் பக்கங்கள் படமாக இணைக்கப்பட்டிருந்தன. வெப்பக் காகிதத் தடங்கள், மீட்டர் அளவுகள், ஒவ்வொரு படலத்தின் தடிமன், துடிப்புகளின் எண்ணிக்கை. நான் சொன்ன மாற்றங்களையெல்லாம் செய்து பார்த்த காலத்தில், தானாகவே லேசரைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் சில ஓட்டங்கள் செய்திருக்கிறார். ஆகவே எந்த ஃப்ளூயன்ஸுக்கு ஒரு துடிப்புக்கு எவ்வளவு தடிமன் என்ற கணக்கு அதே சேம்பருக்கு, அதே தூரத்துக்கு, அதே அழுத்தத்துக்கு அவர் பக்கங்களில் முழுதாக இருந்தது. அடியில் ஒரு வரி: ‘உங்கள் தடிமன்களை இதில் பொருத்தினால் உங்கள் ஃப்ளூயன்ஸ் கிடைக்கும்.’

பொருத்தினேன். இரண்டாவது, மூன்றாவது தொகுதிப் படலங்கள் 1.2-க்கும் 1.4-க்கும் இடையில் உட்கார்ந்தன. தோற்றுப்போன சோதனைகள் என்று ஒதுக்கப்பட்ட அவருடைய அளவுகள் இல்லாமல் என் கட்டுரையைத் திருத்தவே முடிந்திருக்காது.

திருத்தக் குறிப்பை அவரும் நானும் சேர்ந்து எழுதினோம். வழிகாட்டி கையெழுத்திட்டார். சென்ற மாதம் ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறோம். செய்முறைப் பகுதியில் 2 என்று உள்ளதை 1.3 என்று மாற்றி, அது நேரடி அளவு அல்ல, தடிமனிலிருந்து கணித்தது என்று சொல்லியிருக்கிறோம். அவருடைய அட்டவணையை முழுதாக இணைத்திருக்கிறோம். முதல் தொகுதிப் படலங்களுக்கு எண் எதுவும் போடவில்லை. அவற்றின் ஓரத்தில் நான் படி விடவில்லை, தடிமனே அளக்கவில்லை. அந்த நாட்களில் ஜன்னல் எப்படி இருந்தது என்பதும் நோட்டில் இல்லை. அந்த வரிசையில் ‘அளக்கப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறோம்.